ஒரு பொட்டு இடம் விடாமல்

கடலோர ஊர் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த காரின் அடித்தகட்டில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. கதவிடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் வெளியேறும்.

"உன்னாலதான் எனக்கு அசிங்கம்" என்று தகடு அடிக்கடி சொல்லும்.

"நான் அழகுக்கு இல்லக்கா, வழிக்கு இருக்கேன்" என்று ஓட்டை சொல்லும்.

ஒருநாள் சொந்தக்காரர் எபனேசர் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். "உப்புக்காத்து, மேஸ்திரி. துரு ஏறிடும். ஒரு பொட்டு இடம் விடாம அடியில கோட்டிங் அடிச்சிடுங்க" என்றார்.

மேஸ்திரி சொன்னதை அப்படியே செய்பவர். தாரைப் போன்ற அந்தக் கறுப்புப் பூச்சை ஓட்டையின் வாயிலும் அடித்தார். "என்னை மட்டும்..." என்றது ஓட்டை. அவ்வளவுதான்.

"இனி எனக்கு என்ன குறை?" என்றது தகடு.

ஐப்பசி வந்தது. வழக்கம்போல் உள்ளே இறங்கிய தண்ணீர், வழியைக் காணாமல் திகைத்தது.

"அக்கா, வழி விடுங்க. நான் தங்க வரல."

"போயேன், யாரு பிடிச்சுவச்சா?" என்றது தகடு. பிறகு, மெதுவாக, "எனக்கு உள்பக்கம் எரியுது" என்றது.

"தெரியுதுக்கா. எங்க போகன்னுதான் தெரியல" என்று தண்ணீர் அழுதது.

எபனேசர் மாதம் தவறாமல் குனிந்து பார்த்தார். கறுப்புப் பூச்சு பளபளத்தது. திருப்தியாக எழுந்தார்.

மூன்றாம் ஐப்பசியில் பூச்சோடு சேர்ந்து ஏதோ பொத்துக்கொண்டது.

"அக்கா, வழி கிடைச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே தண்ணீர் இறங்கி ஓடியது.

பதில் சொல்ல அங்கே அக்கா இல்லை.