கடைசிப் பூட்டு

கடையில் சரக்கு ஒன்றுகூட இல்லாமல் தீர்ந்தால்தான் வரிப்பதிவை ரத்து செய்வார்கள். பதிவு இருக்கிற வியாபாரி ஊரை விட்டுப் போகக்கூடாது என்பது சட்டம்; அதுவரை வெளியூர் பஸ் கதவு எனக்குத் திறக்காது. ரத்தான பிறகு பழைய சரக்கு கையில் இருந்தால் இன்னும் ஒரு வருடம் கடை திறந்தாக வேண்டும். மதுரை ஆஸ்பத்திரியில் என் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு நாளைக்கு ஆபரேஷன். என் இரும்புக்கடையில் மிச்சம் ஒரே ஒரு பூட்டு. கதவெல்லாம் தானே பூட்டிக்கொள்ளும் காலத்தில் அதை எவன் வாங்குவான்?

எதிர்க்கடைப் பூக்காரி சொர்ணம் வந்தாள். "அண்ணாச்சி, அந்தப் பூட்டுக் கழுதையை எனக்குப் பில் போடுங்க."

"உனக்கெதுக்கு?" யாரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை.

"என் வாய்க்குப் போட. சீக்கிரம் போடுங்க."

பில் போட்டதும் பதிவு ரத்து என்று போனில் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். எனக்கும் கதவு திறந்தது. ஏறப்போகும்போது, பின்னால் ஓடி வந்த சொர்ணம் என் பைக்குள் எதையோ போட்டாள்.

"ஆஸ்பத்திரியில பெட்டியைப் பூட்டி வைங்க, அண்ணாச்சி. களவாணிப் பயலுக ஜாஸ்தி."

பை கனத்தது. "எடு புள்ள, எடு!" என்று கத்தினேன். அதற்குள் போன், பழைய சரக்கு கையில் ஒன்று என்றது. பஸ் கதவு மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. தெருக்கோடியில் என் கடை ஷட்டர் தானாக மேலே ஏறும் சத்தம் கேட்டது.