பாமீர் வீரர்கள் ஊரில் இல்லாதபோது

அமெரிக்க நகரமான ஃபிரிஸ்கோவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மத்தியானம், கலாவதியின் போனில் மட்டும் பனி பெய்தது.

கணவர் ஜெயபிரகாஷ் அனுப்பிய படம். மீசையெல்லாம் பனி. கூடவே காற்று ஊளையிடும் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பதினாலாயிரம் அடி, கண்ணு. ஜீப்பை நான்தான் ஓட்டறேன். மூச்சே விட முடியல!"

அவரும் பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரியும் பாமீர் மலையை ஜீப்பில் கடக்கப்போவதாக அறிவித்த நாளிலிருந்தே ஊருக்குள் இருவருக்கும் தனி மரியாதை. ஏர்போர்ட் வண்டியின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் வழியனுப்பினார்கள். திரும்பி வந்ததும் தமிழ்ச் சங்க மேடையில் பொன்னாடை, 'சிகரச் செம்மல்' பட்டம். கலாவதி பட்டு ப்ளவுஸ்கூடத் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

"அங்கே சிக்னல் இருக்காது, நீ கூப்பிடாதே. நானே மெசேஜ் போடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயபிரகாஷ் கிளம்பினார். "உன் நம்பருக்கு மட்டும் கோயில் மணி ரிங்டோன் வெச்சிருக்கேன் பாரு. நீதானே என் தெய்வம்!"

வெள்ளியங்கிரியின் குடும்பம் லீவுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தது. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கலாவதியிடம் சாவி. "அம்மிணி, மாடிக்கு மட்டும் போயிராதீங்க. அலாரம் கத்தும்" என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இன்று கதவைத் திறந்ததும் அவளுக்குப் பகீரென்றது. செடி பாதி மொட்டை! மாடிப்படியெல்லாம் வெள்ளைப் பவுடர். அதில் காலடித் தடங்கள். மேலே 'உஸ்ஸ்' என்று ஏதோ மெஷின் சத்தம், நடுவே ஓர் ஆண் இருமல்.

வெளியே ஓடி வந்து 911-ஐக் கூப்பிட்டாள். ஏதாவது திருட்டுப் போனால், 'சாவி உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு?' என்று நாளைக்கு ஒரு வார்த்தை வராதா?

போலீஸ் மாடிக்குப் பாய்ந்தது. "ரூம் முழுக்க வெள்ளைப் பவுடர். போதைக் கும்பலாக இருக்கலாம்" என்று வாக்கிடாக்கி கரகரத்தது.

தெருவே கூடிவிட்டது. "இந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்காரர் இல்லையேம்மா!" என்று அங்கலாய்த்தார் எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி.

"புலி ரெண்டும் ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சுதானுங்க ஆன்ட்டி எலி வந்திருக்கு!"

எலிகள் இரண்டையும் வெளியே இழுத்து வந்தார்கள். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லா, கறுப்புக் கண்ணாடி. தலை முதல் கால் வரை வெள்ளைப் பூச்சு.

"போதைப் பொருளா?" என்றார் ஆபீசர்.

"ஆமா சார், போதைதான். திருட்டும் உண்டு" என்றான் நெட்டையன், தொண்டை கட்டிய குரலில். "சீக்கிரம் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இவ்வளவு ஒத்துழைக்கும் குற்றவாளியை ஆபீசர் பார்த்ததே இல்லை. குட்டையனோ கலாவதி இருந்த பக்கம் திரும்பாமல் நெட்டையன் முதுகில் முகம் புதைத்துக்கொண்டான்.

கலாவதிக்குப் பெருமை தாங்கவில்லை. சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை உடனே பாமீருக்குச் சொல்லியாக வேண்டும். கணவரின் நம்பரை அழுத்தினாள்.

குட்டையனின் கோட்டுப் பைக்குள் கோயில் மணி கணகணவென்று அடித்தது.