இனிமேல் அட்மின் யாரு?

"என் பேருக்கு ஒரு அட்மின் அக்கவுண்ட் போடும்மா. போட்டதும் உன்னோட அட்மினை எடுத்துடு."

மேனேஜர் சொன்னது தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னோடதை எடுக்கணுமா சார்?"

"ஆமா. மத்தவங்க மாதிரி உனக்கும் சாதா லாகின் போதும்."

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். யாருக்கு லாகின் கொடுப்பது, யாருக்கு எதுவரை திறந்துவிடுவது, வேலையை விட்டுப் போனவர்களுக்கு எதை மூடுவது, எல்லாம் அவள் கையில். மேனேஜருக்கோ மெயிலில் ஒரு ஃபைலை இணைப்பதற்கே அவளைக் கூப்பிட்டாக வேண்டும்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா சார்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. சொன்னதைச் செய்."

செய்தாள். அவர் பெயருக்கு நேரே அட்மின் என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. தன் பெயருக்கு நேரே இருந்ததை எடுக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் அடம்பிடித்தது.

எழுந்தவளை அவர் மறுபடி உட்காரச் சொன்னார்.

"ஒருத்தரோட அக்கவுண்டை எப்படி மூடறதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. எனக்குப் புரியற மாதிரி, ஒண்ணொண்ணா."

பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். யாருடையதை மூடப் போகிறார்? தன் சீட்டைக் கிழிக்கத் தானே வழி எழுதிக் கொடுக்கிறோமோ?

சாப்பாட்டு இடைவேளையில் கணவனிடம் சொன்னாள். அவன் அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவு.

"போனா போகட்டும் விடு. வீட்ல என்னை ஆட்டிவைக்கிற அதிகாரம் இருக்குல்ல, அது போதாதா உனக்கு?"

"விளையாடாதீங்க. என்னை வெளியே அனுப்பப் போறாங்கன்னு தோணுது."

அவன் சிரிப்பு நின்றது. "அந்த மனுஷனுக்குத் தலைக்கனம். எல்லாம் தன் கைக்குள்ளயே இருக்கணும். வா, நேரா போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்."

"ஐயோ, சும்மா இருங்க. உங்க வேலைக்கும் உலை வச்சுக்காதீங்க."

அவனை அடக்கி அனுப்பிவிட்டாள். ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தப்பு இல்லை என்கிறார். அப்புறம் எதற்குப் பறிக்கிறார்? நம்பிக்கை போய்விட்டது என்றால் வழியை ஏன் அவளிடமே கேட்கிறார்? எந்தப் பக்கம் யோசித்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நாலரை மணிக்குப் பொறுமை போனது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திரையில் சாய்த்து வைத்துக்கொண்டு, மேனேஜர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். ஏசி ஓடியும் கழுத்தெல்லாம் வியர்வை.

"சார், ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. என்னை அனுப்பறீங்களா?"

"உன்னையா?" நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு சார் இதெல்லாம்?"

அவர் மேஜையிலிருந்த தாளைப் பார்த்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது.

"ஆள் குறைப்பு. பதினொரு பேர். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவங்க லாகினையெல்லாம் அட்மின் மூடியாகணுமாம். நேத்து முழுக்க போன்ல கெஞ்சிப் பார்த்துட்டேன், ஒருத்தரும் மசியல."

"மூடறது என் வேலைதானே சார்? ஒன்பது வருஷமா நான்தானே மூடறேன். நீங்க ஏன் இப்படிக் கஷ்டப்படணும்? குடுங்க."

கை நீட்டினாள். அவர் தாளைக் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அதைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏழாவது பேரு உன் வீட்டுக்காரர்மா. அதையும் உன் கையாலயே மூடச் சொல்ல எனக்கு வாய் வரல."