வலிக்கிற பக்கம்

"வலிக்கிற பக்கமே போடு. பிள்ளை குடிக்கட்டும்."

"ஐயோ, முடியாதுக்கா!"

மூத்த மருமகள் காதிலேயே வாங்கவில்லை. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி இளையவளின் மடியில் வைத்தாள்.

இளையவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கட்டில் தண்ணீரில் மிதப்பது போலிருந்தது. ஜன்னல் திரை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. எல்லாமே எங்கோ தூரத்தில். மார்பின் ஓரத்திலிருந்த கட்டி மட்டும் பக்கத்தில், கல்லாக, நெருப்பாக.

"பால் கெட்டுப் போயிருக்கும்க்கா. பேசாம புட்டிப்பால் குடுத்துடலாம்."

"காலையில டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பால் கட்டினதால வந்த வீக்கம், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நிறுத்தாம குடுன்னாங்கல்ல? நிறுத்தினா சீழ் வச்சிரும்."

மாத்திரையை விழுங்க வைத்தாள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றியெடுத்தாள்.

குழந்தை வாய் வைத்தது. உயிர் போய் உயிர் வந்தது.

"எடுங்கக்கா! ஈவிரக்கமே இல்லையா உங்களுக்கு? ஒண்ணு பெத்திருந்தா தெரியும்!"

வாயைவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மூத்தவளுக்குக் குழந்தை இல்லை.

அறையில் குழந்தை விழுங்கும் சத்தம் மட்டும்.

மூத்தவள் எழுந்து போகவில்லை. குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. இளையவளுக்குக் கண் செருகியது. மேகத்துக்குள் நடப்பது போல ஒரு தூக்கம். அதற்குள் யாரோ அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார்கள்.

விழித்தபோது மாலை வெயில் சுவரில் சரிந்திருந்தது. மார்பின் மேல் குளிர்ந்த துணி. தொட்டுப் பார்த்தாள். கட்டி பாதி இளகியிருந்தது.

மூத்தவளின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா... காய்ச்சல்ல என்னமோ உளறிட்டேன்."

"அட, விடு."

"பக்குவமா எல்லாம் செய்றீங்க. எப்படிக்கா தெரியும் உங்களுக்கு?"

மூத்தவள் குழந்தையின் உதட்டோரத்துப் பாலை விரலால் துடைத்தாள்.

"நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கும் இப்படித்தான் கல்லாக் கட்டிக்கிச்சு. பிறந்தது தங்காமப் போனது பாலுக்குத் தெரியலையேம்மா."