கொட்டாங்கச்சிப் பிள்ளைகள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கழுதைக்குப் பயம். கொட்டாங்கச்சி ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று ஆடு விடாமல் கேட்டதால் மெல்லச் சொல்லத் தொடங்கியது.

அந்தக் கொட்டாங்கச்சியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் குட்டிக் குட்டிப் புழுக்கள் நெளிந்தன. குடிக்கப் போன கழுதையிடம், "பார்த்துக் குடியம்மா, தாயில்லாப் பிள்ளைங்க," என்றது கொட்டாங்கச்சி. கழுதைக்கு மனசு இளகிவிட்டது. புழுக்கள் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டதும் உருகியே போனது. அவற்றைத் தின்ன வந்த வாத்தை உதைத்து விரட்டியது.

ஒரு சாயங்காலம் பிள்ளைகளுக்கு இறக்கை முளைத்தது. இருட்டுவதற்குள் கழுதையின் குட்டிக்குக் காதெல்லாம் தடித்துப்போய், குட்டி துடித்து அழுதது.

"அடப் பாவிகளா, நான் உங்க அத்தை!"

"தெரியும் அத்தை, பசிக்குதே," என்றன கொசுக்கள், இன்னும் குட்டியின் காதில் உட்கார்ந்தபடியே.

அடுத்த மழைக்குப் புதுப் புழுக்கள் வந்தன. அவையும் "அத்தை" என்றன.

"நான் தண்ணியத்தான் வச்சிருக்கேன். அதுங்க கடிச்சா நான் என்ன பண்ண?" என்றது கொட்டாங்கச்சி.

கழுதை தன் குட்டியைப் பார்த்தது. பிறகு, அந்தக் குரல்கள் கேட்காதபடி நீளக் காதுகளை மடக்கிக்கொண்டு, கொட்டாங்கச்சியைக் காலால் கவிழ்த்துவிட்டது.