இது அந்தக் கொசு இல்லை

பட்.

கொல்லையில் என் மனைவி இன்னொன்றைக் கொன்றாள்.

வேலை முடிந்து வந்து, மருந்துப் புகை நாறும் சட்டையோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றாள். கையில் கொசு பேட். பொழுது சாய்ந்ததும் கொல்லைக்கு வந்துவிடுவாள். பேட்டில் சார்ஜ் தீரும்வரை உள்ளே போகமாட்டாள்.

எங்கள் மகள் போன மறுநாளிலிருந்து இப்படித்தான். ஏழு வயது. ஐந்தே நாள், கொசுக் காய்ச்சல்.

மகளின் ஊஞ்சல் இருந்த கிளையில் இப்போது கயிறு மட்டும் தொங்குகிறது. பார்க்க மனசு தாங்கவில்லை என்று சொல்லி, ஊஞ்சலை அன்றைக்கே அறுத்துக் கொண்டுபோய்விட்டேன்.

இருபத்திரண்டு நாளாக என் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் பிழைப்பே கொசுதான். கொசு ஒழிப்புப் பிரிவில் பதினான்கு வருடம். வீடு வீடாகப் போய், தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் குனிந்து பார்ப்பேன். புழு நெளிந்தால் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேட்பேன். தெருவில் எனக்குப் பெயரே கொசு. கொசு வருது, கொசு வருது என்று சொல்லிக்கொண்டே வாளிகளைக் கவிழ்ப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். கொசுக்காரன் பிள்ளைக்கு என்ன சொல்வார்களோ, என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆணியில் தொங்கிய என் சீருடையைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தார்கள். எழுந்து போனார்கள்.

பட். பட்.

எல்லோரையும் போல அவள் பேட்டை வீசுவதில்லை. இடது கையை நீட்டியபடி அசையாமல் நிற்பாள். கொசு வந்து உட்காரும். குடிக்கட்டும் என்று விடுவாள். வயிறு சிவந்து அது எழும்பும்போதுதான் பேட்டைக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்துவாள். முழங்கைவரை தோல் தடித்துக் கிடக்கிறது.

ஒன்றை அவளிடம் சொல்லாமலே வைத்திருந்தேன்.

எங்கள் பிள்ளையைக் கொண்டுபோன கொசுவுக்குக் காலில் வெள்ளை வரி இருக்கும். நல்ல தண்ணீரில் பிறக்கும். பகலில் கடிக்கும். இந்த நேரத்துக்கு வருவது சாக்கடைக் கொசு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இவள் கொல்வது அந்த அம்பைக்கூட இல்லை.

கொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டிருந்தேன். தினமும் காலையில் பேட்டைச் சார்ஜில் போடுவதும் நான்தான். அவளுக்கு நான் செய்வதில், வேண்டாம் என்று அவள் தள்ளாதது அது ஒன்றுதான்.

இன்று சீக்கிரமே பேட்டின் விளக்கு மங்கிவிட்டது. அவள் பொத்தானை அழுத்தினாள். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினாள். கொசு அவள் கையிலேயே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. மூன்றாவதும் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. அவள் உள்ளே வந்தால் போதும். ஒரு வார்த்தை பேசினால் போதும், அது வசவாக இருந்தாலும் சரி. எழுந்து அவள் பக்கத்தில் போனேன்.

“இங்க பாரும்மா, இது அந்தக் கொசு இல்ல. அது பகல்லதான் கடிக்கும்.”

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியும். அட்டையிலயே போட்டிருக்கே.”

பேட்டை என் கையில் கொடுத்தாள். உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அட்டை அந்தக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. என் வார்டில் எல்லா வீட்டுப் பின்கதவிலும் நான் ஒட்டியதுதான். எங்கள் வீடும் என் வார்டுதான். மேலே காலில் வரி போட்ட கொசுவின் படம், பகலில் கடிக்கும் என்று கொட்டை எழுத்து. கீழே கட்டங்கள். டிரம், பூந்தொட்டி, ஃபிரிட்ஜ் தட்டு, டயர். வாராவாரம் பார்த்து, தண்ணீர் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சொந்த வீடுதானே என்று ஒரு வாரம்கூட நான் ஏமாற்றியதில்லை. டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன்.

டயர் என்ற கட்டத்தில் ஒன்பது வாரமும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது ‘இல்லை’, பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் எழுதியது.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நேரே மரத்தடிக்குத்தான் போனேன். மகள் அதில் உட்கார்ந்து, தள்ளுங்கப்பா என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். யாரோ வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததென்று அதட்டிப் பிடுங்கிவந்த டயர். கயிறு கட்டி நானே தொங்கவிட்டேன். கட்டிய நாளிலிருந்து எனக்கு அது ஊஞ்சல். டயர் என்பதே மறந்துபோயிற்று.

முதுகில் கைவைத்துத் தள்ளினேன். டயருக்குள் மழைத்தண்ணீர் தளும்பியது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.