மாதுளை உரிக்கும் பெண்

திருடுபோன ஓவியம் கிடைக்காவிட்டால், அதை அதிக நேரம் பார்த்தவரின் நினைவிலிருந்து உருவியெடுத்து மீண்டும் அச்சிடுவார்கள். உருவிய முகம் அதன்பிறகு அவர் நினைவில் மிச்சம் இருக்காது.

இப்போது திருடுபோன ‘மாதுளை உரிக்கும் பெண்’ ஓவியத்துக்கு அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருடம் காவல் நின்றவன் அருள்தாஸ். நினைவைக் கொடுக்க அவன் தயங்கினான். அவன் மனைவி ஜெசிந்தாவுக்கோ தயக்கமே இல்லை. பகலெல்லாம் அந்த ஓவியத்துப் பெண்ணையே பார்த்துவிட்டு வருபவன், வீட்டில் சோற்றுத் தட்டைத்தான் பார்ப்பான்.

“அந்தச் சிறுக்கியை விட மனசு வரலையோ?”

“அது படம்டி.”

“படத்தைப் பாக்கப் போறதுக்கா தினம் மீசையை ஒதுக்குறீங்க? கையெழுத்தைப் போடுங்க.”

போட்டான்.

மீட்பு அலுவலகத்தில் கருவி அரைமணி நேரம் முனகியது. பிறகு திரையில் அவள் வந்தாள். பச்சைச் சேலை, மடியில் மாதுளை. ஜெசிந்தா உதட்டைச் சுழித்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

“இது அந்தப் படம் இல்லையே” என்று அங்கே வேலை செய்த பெண் குழம்பினாள். “ஒரிஜினல்ல தாடையில தழும்பு கிடையாதே மேடம். மூக்கும் வேற.”

ஜெசிந்தாவின் கை தன் தாடைக்குப் போனது. கல்யாணமான புதிதில் குக்கர் மூடி பட்ட தழும்பு அங்கே இருந்தது. இத்தனை வருடமும் அவன் யாரைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று அவளுக்குப் புரிந்தது.

“என்னங்க!” என்று அவனிடம் ஓடினாள்.

அருள்தாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தான். படத்தருகே முண்டுகிறவர்களிடம் தினமும் காட்டும் அதே பணிவோடு கையை நீட்டித் தடுத்தான்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கம்மா.”